குளிக்க வெந்நீர் இருக்கா?

கண்ணை மூடியாச்சு. இனிமே டைரக்டர் அருமை 'கட்' சொல்ற வரைக்கும் நான் பொணம். மூக்குல பஞ்சு, நெத்தியில ஒரு ரூபா காசு, தாடையைச் சுத்தி வெள்ளைத் துணியில கட்டு, கழுத்துல ரோஜா மாலை. வாடாம இருக்கணும்னு மாலையில தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வேட்டி வரைக்கும் நனைஞ்சு போச்சு. பெஞ்சுப் பலகையில எங்கயோ ஒரு ஆணி தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது, சரியா இடுப்பெலும்புக்குக் கீழ. சொன்னா வேற பெஞ்சு கொண்டு வருவாங்க. சொல்ல முடியாதபடி வாயைக் கட்டியிருக்கு. கையைத் தூக்கிக் காட்டலாம்னா கேமராமேன் லைட் வச்சுக்கிட்டிருக்கார், 'சார், அசையாதீங்க, நிழல் மாறுது'ன்னு ஏற்கெனவே சொல்லிட்டார். நல்ல மனுஷன், இந்தப் படத்துக்குத்தான் புதுசா வந்திருக்கார். காலையில என்னைப் பார்த்ததும், 'உங்க மூஞ்சியில ஒரு டெப்த் இருக்கு சார்'னு சொன்னார். இருக்கும், எத்தனை தடவை செத்த மூஞ்சி. வளசரவாக்கத்துல ஷூட்டிங்குக்குன்னே வாடகைக்கு விடுற வீடு இது. இதே கூடத்துல நான் முன்னாடியும் படுத்திருக்கேன், அப்ப சுவர் பச்சை, இப்ப மஞ்சள். குமுதவல்லி தலைமாட்டுல உக்காந்திருக்கு. இந்தப் படத்துல என் பொண்டாட்டி, போன படத்துலயும் பொண்டாட்டி, அதுக்கு முந்தின படத்துல தங்கச்சி. 'முட்டியை மடக்க முடியலண்ணே. இன்னும் எவ்வளவு நேரம் லைட் வைப்பாங்களோ'ன்னு என் காதுக்குள்ள சொல்லுது. நான் பதில் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சும் எங்கிட்டதான் சொல்லும். பொணத்துக்கிட்ட பேசிப் பேசி அதுக்குப் பழகிடுச்சு.

பழக்கம்தான் எல்லாம். நான் யாரு? டைட்டில்ல பார்த்தா இணை இயக்குநர் மாசிலாமணி, கதை விவாதம் மாசிலாமணி. யூனிட்ல கேட்டா படுக்கிறவர். டைரக்டர் ஆகணும்னு திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறினவன் நான். அருமைநாதன் நாசரேத்துலேர்ந்து ரயில் ஏறினவன். வடபழனியில ஒரே ரூம், ஒரே பாய், பல்லு வெளக்கப் போனாக்கூட கதை பேசிக்கிட்டே போவோம். முதல்ல யாருக்குப் படம் கிடைக்குதோ அவன் இன்னொருத்தனை விட்டுறக் கூடாதுன்னு பேச்சு. அவனுக்குக் கிடைச்சுது, அவன் என்னை விடல. அவன் மேல குத்தம் சொல்ல முடியாது. முதல் படத்துல ஹீரோவோட அப்பாவா படுக்க வேண்டியவர் பழைய நாடக நடிகர். காலையில வந்தார், பெஞ்சைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், 'இன்னிக்கு என் மூத்தவனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம் தம்பி, இன்னிக்கு மட்டும் நான் படுக்க மாட்டேன்'னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். வெளிச்சம் போய்க்கிட்டிருக்கு. அருமை என்னைப் பார்த்தான். 'ஏல மாசி, நீ படு'ன்னான். அஞ்சு நிமிஷ வேலைன்னுதான் படுத்தேன். தலையில பவுடரைக் கொட்டி நரைக்க வச்சாங்க. இப்ப அந்தப் பவுடர் செலவு இல்ல. படம் ஓடிச்சு, அப்படி ஒரு ஓட்டம். ரெண்டாவது படத்துலயும் ஒரு அப்பா சாகணும், 'நீயே படுத்துரு, ராசியா இருக்கும்'னான், சிரிச்சுக்கிட்டே படுத்தேன், அதுவும் ஓடிச்சு. மூணாவது படத்துல சாவே இல்ல, நான் படுக்கல, அது ஊத்திக்கிச்சு. ரிலீஸ் அன்னிக்குப் புயல் அடிச்சு பாதி ஊர்ல கரண்ட் இல்ல, அதை யாரும் பேசல. ஹீரோவுக்குத் தொண்டை கட்டி வேற யாரோ குரல் குடுத்தாங்க, அதையும் பேசல. மாசிலாமணி படுக்கல, அதான். அவ்வளவுதான், அன்னிலேர்ந்து முடிஞ்சுது. அருமைநாதன் படம்னா முதல் ரீல்ல ஒரு சாவு விழணும், அதுல நான் படுக்கணும், பொணத்துக்கு முன்னாடி ஒருத்தன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும், அங்கேர்ந்து அவன் எழும்பணும். ஊரு மாறும், தொழில் மாறும், ஹீரோ மாறுவான். ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டிருக்கோம்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். காரு வாங்கினான், வீடு கட்டினான், சர்க்கரை வந்துச்சு, பேசறது குறைஞ்சுது.

என்னமோ சூடு, அந்த லைட்டை எவ்வளவு கீழே இறக்குறாங்க. இமைக்கு உள்ளேயே செவப்பா தெரியுது. ஒரு படத்துல ஐஸ் பெட்டிக்குள்ள படுக்க வச்சாங்க, இப்பல்லாம் நிஜ வீட்டுல அப்படித்தானேன்னு. கண்ணாடி மூடியை மூடினதும் என் மூச்சு எனக்கே காதுல கேட்டுச்சு, வெளியில எல்லாரும் வாயை வாயை அசைக்கிறாங்க, ஒண்ணும் கேக்கல, அப்ப வந்த பயம் இன்னும் போகல. நல்லவேளை கண்ணாடியில லைட் அடிக்குதுன்னு திரும்பப் பெஞ்சுக்கே வந்துட்டாங்க. ஆணி இருந்தாலும் பெஞ்சு பரவாயில்ல. எதை நினைச்சுக்கிட்டிருந்தேன்? அருமை. கடைசியா எடுத்த ரெண்டு படமும் வரிசையா ஊத்திக்கிச்சு, ரெண்டுலயும் நான் படுத்துத்தான் இருந்தேன், ஆனா அதை மட்டும் யாரும் கணக்குல எடுத்துக்கல. அப்பதான் ஒரு நாள் மொட்டைமாடியில உக்காந்துக்கிட்டு, 'மாசி, ஒருத்தரும் சாகாம நம்மளால ஒரு கதை எழுத முடியுமால?'ன்னு கேட்டான். முப்பது வருஷத்துக்கு முந்தின குரல். நான் சிரிச்சேன், அவன் சிரிக்கல. மழைக்காலம் முழுக்க உக்காந்தோம். எதை எழுதினாலும் ஏழாம் பக்கத்துல யாராவது செத்துருவாங்க. கிழிப்போம். கடைசியில ஒண்ணு வந்துச்சு. வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு மனுஷன் இருபது வருஷம் கழிச்சு ஒரு காலையில திரும்பி வர்றான். ஏன் போனான், ஏன் வந்தான், ஒண்ணும் கிடையாது. ஒரு துணிப்பையோட வாசல்ல நிக்கிறான். பொண்டாட்டி கதவைத் தொறக்குறா. அவன் கேக்குறான்: 'குளிக்க வெந்நீர் இருக்கா?' அவ உள்ள போய் அடுப்பைப் பத்த வைக்கிறா. இதுதான் முதல் சீன். அந்த வரி என்னுது. காலையில பல்லு வெளக்கும்போது வந்துச்சு, வாயில நுரையோட போன் பண்ணிச் சொன்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா, 'இது நம்ம எழுதினதால?'ன்னு கேட்டான். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பாயில படுத்துக் கதை பேசின பசங்களா ஆயிட்டோம். சொன்னா வெக்கக்கேடு, அன்னிக்கு நான் அழுதேன்.

அந்தக் கதையைக் கேட்ட ப்ரொட்யூசர் வெங்கடபதிக்கும் கண்ணுல தண்ணி. அருமையை நம்பிப் படம் எடுக்க இன்னிக்கு அவர் ஒருத்தர்தான் இருக்கார், நல்ல மனசுக்காரர், பூனை குறுக்க போனா பயணத்தையே தள்ளி வைக்கிறவர். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'பிரமாதம். சரி, மாசிலாமணி எங்க படுக்கிறார்?'னு கேட்டார். இந்தப் படத்துல யாரும் சாகறதில்லன்னு அருமை சொன்னான். வெங்கடபதி கழுத்துத் தாயத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். அப்புறம் அவரே முகம் மலர்ந்து சொன்னார்: 'வீட்டுல ஒரு சாவு விழுது. இவனோட தம்பி செத்துட்டான். அதைக் கேட்டுத்தான் அண்ணன்காரன் வர்றான். பாருங்க, எவ்வளவு கரெக்டா பொருந்துது. ஒரே ஒரு சீன்தானே.' பொருந்துச்சு, அதுதான் கொடுமை. பொருந்தாம இருந்தா சண்டை போட்டிருக்கலாம். ஆனா தம்பி செத்து அண்ணன் வந்தா, அவன் வந்ததுக்குக் காரணம் வந்துரும். காரணம் வந்துட்டா வெந்நீர் கேக்க முடியாது. சாவு வீட்டுக்குள்ள நுழையறவன் எதுக்கு வெந்நீர் கேக்குறான்? அந்த வரி போச்சுன்னா படம் போச்சு, பழைய படம்தான் மறுபடியும். அருமை என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன், ரெண்டு பேரும் வாயே தொறக்கல. கீழ இறங்கி வந்து காருல ஏறும்போது, 'படுத்துரு மாசி, வேற வழி இல்லல'ன்னான். கோபம் வந்துச்சு. நீ வாயைத் தொறந்திருக்கலாமேன்னு கேக்க நினைச்சேன். நான் எதுக்குத் தொறக்கல? எனக்கும் பழக்கம்தானே.

'டேக் போலாமா? அமைதி, அமைதி.' சரி, மூச்சை இழுத்து வயித்துல வச்சுக்கணும், நெஞ்சு ஏறக்கூடாது, அது ஒரு வித்தை, யாருக்கும் சொல்லிக்குடுக்க முடியாது. ஆக்‌ஷன்னு அருமையோட குரல், களைச்ச குரல். குமுதவல்லி என் மேல விழுந்துருச்சு. 'என்னை இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே.' கிளிசரின் போட்ட கண்ணுதான், ஆனா அழுகை நிஜமாவே வரும் அதுக்கு, சொட்டுச் சொட்டா என் கன்னத்துல விழுது, காதுக்குள்ள இறங்குது, ஐயோ, கூசுது. அசையாத. வேற எதையாவது நினை. தமயந்தி. என் பொண்டாட்டி இந்தப் படங்களை ஒண்ணுகூட தியேட்டர்ல பார்த்ததில்ல. 'ஒரு தடவையாவது உக்காந்து பேசற மாதிரி வேஷம் குடுக்கச் சொல்லுங்க, நான் முதல் ஆளா வந்து பாக்குறேன்'னு சொல்லுவா. பொண்ணு சின்னவளா இருக்கும்போது ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன், என் மடியில உக்காந்துக்கிட்டே திரையில என்னைப் பார்த்து வீறிட்டா, நான் இங்கதான்டி இருக்கேன்னு சொன்னாலும் நம்பல. இப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ சுருக்குன்னுச்சே. வாயுவா? ஒருவேளை இப்படியே, இந்தப் பெஞ்சுலயே, நிஜமாவே போயிட்டா? யாருக்குத் தெரியும்? அற்புதம் சார், அசையவே இல்ல சார்னு கை தட்டுவாங்க. லைட்டை அணைச்சுட்டுச் சாப்பிடப் போவாங்க. குமுதவல்லி மட்டும் கண்டுபிடிக்கும், என் கை சூடு அதுக்குத் தெரியும். நெஞ்சுவலி இல்ல இது, காலையில தின்ன வடை. இருந்தாலும் பயமாத்தான் இருக்கு. இந்த வயசுல விளையாட்டுக்குச் செத்துக்கிட்டிருக்கக் கூடாது. 'கட். குமுதாம்மா, நீங்க காசைத் தட்டி விட்டுட்டீங்க.' ஆமா, நெத்தியில கனம் இல்ல. காசு எங்கயோ உருண்டு போச்சு, தேடுறாங்க.

காசு கிடைக்கிற வரைக்கும் கண்ணைத் தொறந்து கூரையைப் பாக்கலாம். ஓரத்துல ஒட்டடை. ஷூட்டிங் வீட்டுல ஒட்டடையைக்கூட விட்டு வைப்பாங்க, பழைய வீடு மாதிரி தெரியணுமாம். எத்தனை தடவை செத்தாலும் எனக்குன்னு பிடிச்சது ஒண்ணு இதுல உண்டு. பொணமா படுத்தவன் ஷாட் முடிஞ்சதும் எழுந்து உக்காந்து, ஓடிக்கிட்டிருக்கிற கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அப்பதான் தோஷம் போகும்னு எல்லா யூனிட்டுலயும் வச்சிருக்கிற வழக்கம். அப்புறம் பூசணிக்காய் உடைப்பாங்க. அந்தச் சிரிப்பு படத்துல வராது, எடிட்டர் வெட்டிப் போட்டுருவார். என் பொண்ணு ஒரு தடவை கேட்டா, 'செத்ததுக்கப்புறம் என்னப்பா பண்ணுவே?' சிரிப்பேன்னு சொன்னேன், சமாதானமாயிட்டா. வெங்கடபதிக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப முக்கியம். இதுக்கு முன்னாடி வேற டைரக்டரை வச்சு அவர் எடுத்த படத்துல ஹீரோவோட அப்பாவா படுத்த ஒரு மூத்த நடிகர், சாப்பாடு லேட்டுன்னு கோவிச்சுக்கிட்டு, ஷாட் முடிஞ்சதும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே எழுந்து போயிட்டார், சிரிக்கல. வெங்கடபதி அன்னிக்குச் சாயங்காலமே அந்த நெகட்டிவைக் கொளுத்திட்டார். திரும்ப எடுக்கவும் சம்மதிக்கல. கெட்ட சகுனம் காட்டிடுச்சுன்னு சொல்லி, கதையில அந்த அப்பாவைச் சிங்கப்பூருக்கு அனுப்பி வச்சாங்க. சாக வேண்டிய மனுஷன், வருஷத்துக்கு ஒரு தடவை லெட்டர் போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தார். யூனிட்ல இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

காசு கிடைச்சுது. மறுபடியும் நெத்தியில வைக்கிறாங்க, நான் கண்ணை மூடிக்கிறேன். 'ஒரு நிமிஷம், மாலை சரியில்ல'ன்னு அருமையோட குரல். அவனே வர்றான், செருப்புச் சத்தம், சர்க்கரை வந்ததுலேர்ந்து காலை இழுத்து இழுத்து வைப்பான். குனிஞ்சு மாலையை நகர்த்துறான், அது சரியாத்தான் இருந்துச்சு. அவன் கையில தைலவாசனை, மூக்குப் பஞ்சையும் மீறி வருது. என் காதுக்குப் பக்கத்துல வாய். 'மாசி, கண்ணைத் தொறக்காத. நான் சொல்லுறதை மட்டும் கேளு. எந்திரிச்சதும் சிரிக்காத. யாரு என்ன சொன்னாலும் சிரிக்காத. வெங்கடபதி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கார். சிங்கப்பூர் ஞாபகம் இருக்குல்லா?' ரோஜா இதழ் ஒண்ணு என் தொண்டையில ஒட்டியிருந்துச்சு, அதை எடுத்தான். 'எனக்கு அந்த வெந்நீர் வேணும்ல'ன்னான். போயிட்டான். அட, அருமை. இத்தனை நாள் நீ செத்துப்போயிட்டேன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ வாயைத் தொறந்து வேண்டாம்னு சொன்னா படமே நின்னு போகும். நான் சிரிக்காம சும்மா உக்காந்திருந்தா போதும், வெங்கடபதி பயந்துக்கிட்டு சாவு சீனையே தூக்கிருவார், கதவைத் தொறந்ததும் அவன் வெந்நீர் கேப்பான். இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னை நடிக்கச் சொல்லியிருக்கான். சிரிக்காம இருக்கிறது ஒரு நடிப்பா? நடிப்புதான், பொணமா கிடக்கிறதுதான் நடிப்பு இல்ல. கண்ணுக்குள்ள தண்ணி முட்டுது, கூடாது, பொணத்துக்குக் கண்ணு கலங்கினா டேக் போயிரும். தமயந்தி, கேட்டியா, உக்காந்து நடிக்கப் போறேன்.

'ஆக்‌ஷன்.' குமுதவல்லி விழுந்துச்சு, அழுதுச்சு, காசு நகரல. நான் மூச்சை வயித்துல வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன், சிரிக்காத, சிரிக்காத. 'கட்'னு வரல, அதுக்குப் பதிலா, 'ஷாட் ஓகே, கேமரா ஓடட்டும்'னு வந்துச்சு. குமுதவல்லி தாடைக்கட்டை அவுத்துச்சு, பஞ்சை எடுத்துச்சு. எழுந்து உக்காந்தேன். வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல, அப்புறம் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. பிளாஸ்டிக் நாற்காலியில வெங்கடபதி. மானிட்டருக்குப் பின்னாடி அருமையோட வழுக்கை. 'சார், சிரிங்க சார்'னு அசிஸ்டெண்ட் ஒருத்தர் குரல். நான் சிரிக்கல. 'சார், கேமரா ஓடுது.' சிரிக்கல. கூடத்துல சத்தம் அடங்கிப் போச்சு, ஃபேன் சத்தம் மட்டும். வெங்கடபதி நாற்காலியிலேர்ந்து எழுந்துட்டார், கை சட்டைக்குள்ள இருக்கிற தாயத்துக்குப் போயிடுச்சு. 'என்னாச்சு மாசிலாமணி?' நான் அவரையே பார்த்தேன். குமுதவல்லி என் கையைப் பிடிச்சுது. 'சிரிச்சுருங்கண்ணே. ஏண்ணே இப்படிப் பாக்குறீங்க, எனக்குப் பயமா இருக்கு.' பாவம், ஆனா நான் சிரிக்கல. இப்படி ஒரு அமைதியை என் மூஞ்சி இதுக்கு முன்னாடி உண்டாக்கினதே இல்ல. மானிட்டருக்கு மேல அருமையோட தலை எழும்புச்சு. அவன் கண்ணு தெரிஞ்சுது, வடபழனி ரூம்ல இருந்த அதே கண்ணு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான், வெங்கடபதி வாயைத் தொறக்குறார், வேண்டாம் விடுங்கன்னு சொல்லப் போறார். அப்ப கேமராமேன் பக்கவாட்டுல தலையை நீட்டி, தன்மையா, 'சார், லென்ஸைப் பாருங்க'ன்னார். பார்த்தேன். லென்ஸைப் பாருங்கன்னா பாக்குறதுதான் வழக்கம். பார்த்ததும் கன்னம் ரெண்டும் தானா மேல ஏறிச்சு. நான் ஏத்தல. உதடு விரிஞ்சுது, பல்லு தெரிஞ்சுது, தலைகூட லேசா சாஞ்சுது, ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம். கை தட்டுற சத்தம் கேட்டப்பதான் என்ன பண்ணியிருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சுது.

நிறுத்தணும்னு நினைச்சேன், இன்னும் சிரிச்சுக்கிட்டிருந்தேன். 'கட்'னான் அருமை. வெங்கடபதி ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கிட்டார், 'விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையாய்யா, உசுரே போயிருச்சு'ன்னார். பூசணிக்காயைச் சுத்தி வாசல்ல உடைச்சாங்க. அருமை பக்கத்துல வந்தான். திட்டுவான்னு பார்த்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். 'விடு மாசி. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்'னான். ரூமைப் பகிர்ந்துக்கிட்டவன் சொல்ற மாதிரிதான் சொன்னான். அப்புறம் டைரக்டரா திரும்பி, அடுத்த ஷாட், அண்ணன் உள்ள வர்றான், வாசலையும் பொணத்தையும் ஒரே ஃப்ரேம்ல வைங்கன்னான். 'சார், அப்படியே படுத்துக்கிறீங்களா'ன்னு கேட்டாங்க. படுத்தேன். ஆணி அதே இடத்துல இருந்துச்சு. பஞ்சு, காசு, தாடைக்கட்டு. குமுதவல்லி, 'என்னண்ணே இப்படிப் பயமுறுத்திட்டீங்க'ன்னு வேட்டியை இழுத்து விட்டுச்சு. வாசல்ல அண்ணன் வேஷக்காரர் ஜெகவீரன் துணிப்பையோட நிக்கிறார். 'டைரக்டர் சார், இங்க வெந்நீர் டயலாக்கா?'ன்னு கேக்குறார். 'இல்ல, அது இல்ல'ங்கிறான் அருமை. 'பின்ன என்ன சார் சொல்லணும்?' நான் கண்ணை மூடிட்டேன், அவன் மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னு. 'எப்படி ஆச்சுன்னு கேளுங்க'ன்னான். எல்லாப் படத்துலயும் வாசல்ல நிக்கிறவன் அதைத்தான் கேப்பான். ஆக்‌ஷன். செருப்பைக் கழட்டுற சத்தம், பையைக் கீழ வைக்கிற சத்தம், நல்லா நடிக்கிறார் மனுஷன். என் காலடியில வந்து நின்னுட்டு, குரல் உடைஞ்சு கேக்குறார்: 'எப்படி ஆச்சு?' குமுதவல்லி பதில் சொல்லத் தெரியாம அழுவுது. எனக்குத் தெரியும். மூச்சை வயித்துல வச்சுக்கிட்டு அசையாம படுத்திருக்கேன்.